நூற்று நாற்பத்து நான்கு கண்கள்

அத்தியாயம் 4

“மாலை போட்டிருக்கான், நல்லாப் பாருங்க,” என்றார் ஜெயந்திமாலா. எட்டாவது தடவை.

நாங்களும் எட்டாவது தடவை பார்த்தோம். செய்தித்தாளில் வந்த வண்ணப் படம் அது. கத்தரியால் ஓரம் பிசகாமல் வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். போன மாதம் பௌர்ணமியன்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு, செங்கம் ரோட்டில் கிரிவலம் கிளம்பிய கூட்டம். படத்தின் இடது ஓரத்தில், ஒரு கரும்பு ஜூஸ் வண்டிக்கும் இடுப்பில் குழந்தை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு இளைஞனின் முகம் மங்கலாகத் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளையும் சிவப்புமாக மாலை. ஜெயந்திமாலா அந்த முகத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

“என் பையன் நிர்மல்,” என்றார். “ரெண்டு வருஷம் ஆவுது வீட்ட விட்டுப் போய். பெங்களூர், ஓசூர், சென்னை, எல்லா ஊரும் தேடிட்டேன். இப்ப பேப்பர்ல வரான்.”

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு ஜைனக் குடும்பம். கணவர் காலமாகிவிட்டார். நாலு ஏக்கர் மணிலாக்கொட்டை நிலம், ஒரே பிள்ளை. சொந்தத்தில் ஒரு பெண்ணை இவர் பேசி முடித்தார், பிள்ளை மாட்டேன் என்றான். கோபத்தில் இவர், “அப்படின்னா இந்த வாசல மிதிக்காத” என்று சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் சொல்வதுதான். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“இஷ்டப்பட்ட பொண்ணையே கட்டியிருக்கான் போல. கட்டிக்கட்டும். எந்த ஜாதியா இருந்தாலும் சரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லணும், அவ்ளோதான்.”

என் முதலாளி மதிவதனி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, தேரடித் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அறிவுச்செல்வன் என்கிற என்னைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்.

“மாலைய வெச்சு மட்டும் கல்யாணம்னு எப்படிச் சொல்றது?” என்றார் மேடம்.

“மனுஷன் கழுத்துல மாலை விழறது ரெண்டே சமயத்துலதான் மேடம்,” என்றேன் நான். “ஒண்ணு கல்யாணம். இன்னொண்ணு கட்சியில பதவி. பையன் முகத்துல அவ்ளோ சாமர்த்தியம் தெரியல. அதனால கல்யாணம்தான்.”

ஜெயந்திமாலா சிரித்தார். ரெண்டு வருடத்தில் முதல் சிரிப்பாக இருக்கும். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவரை அலுவலகத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். படியில் இறங்கும்போதே மேடம் ஆரம்பித்தார்.

“ஏன்யா அந்தம்மாவுக்கு ஆசை காட்டற?”

“நான் எங்க காட்டினேன்? பேப்பர்தான் காட்டிச்சு.”

“அந்தப் படத்துல மத்தவங்க எல்லாம் எங்க பாக்கறாங்க?”

“ரோட்டப் பாக்கறாங்க, மலையப் பாக்கறாங்க, போனப் பாக்கறாங்க.”

“இவன்?”

யோசித்தேன். “நேரா கேமராவப் பாக்கறான்.”

“ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு மாடியில இருந்த கேமராவ. இவன் ஒருத்தன் மட்டும்.”

“செல்ஃபி எடுத்தே வளர்ந்த பையன் மேடம். கேமரா எங்க ஒளிஞ்சிருந்தாலும் மோப்பம் பிடிச்சிடுவான்,” என்றேன். அவர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார்.

படத்தை எடுத்தவன் பெயர் செய்தித்தாளிலேயே இருந்தது. கலையரசன், பொறியியல் ஆராய்ச்சி மாணவன். ரமணாசிரமம் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் மாடி அறைகளில் ஒன்றில் இருந்தான். அறை முழுக்க ஒயர். நடுவே முக்காலியில் நின்றது அந்தக் கேமரா. முன்பக்கம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பலகை, அதில் வரிசைக்குப் பன்னிரண்டாகப் பன்னிரண்டு வரிசை சின்னச் சின்ன லென்ஸ்.

“பணியாரச் சட்டிக்குப் பின்னால கேமராவ மாட்டி வெச்சிருக்கீங்களே தம்பி,” என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் யாராவது கேள்வி கேட்டாலே போதும், வந்தவரை விட மாட்டார்கள். என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போனான். வெளியே மலை.

“விரல நீட்டுங்க சார். இடது கண்ண மூடுங்க. இப்ப வலது கண்ண மூடுங்க. எது நகருது?”

“விரல் நகருது. மலை அப்படியே இருக்கு.”

“கிட்ட இருக்கறது ஜாஸ்தி நகரும், தூரத்துல இருக்கறது கம்மியா நகரும். நமக்கு ரெண்டு கண்ணு. இதுக்கு நூத்தி நாப்பத்தி நாலு. ஒவ்வொரு லென்ஸும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பாக்கும். எது எவ்ளோ நகருதுன்னு கணக்குப் போட்டா, படத்துல இருக்கற ஒவ்வொரு பொருளும் எவ்ளோ தூரம்னு தெரிஞ்சிடும். கூட்டம் எங்க நெருக்குதுன்னு முன்கூட்டியே சொல்லத்தான் இத செய்றேன்.”

மேடம் சிவப்பு வட்டத்தைக் காட்டினார். “இந்தப் பையன் எவ்ளோ தூரத்துல நிக்கறான்?”

கலையரசன் கணினியில் தட்டினான். கூட்டம் வந்தது, மனிதர்களின் நிறம் மாறி. கிட்டே நிற்பவர்கள் சிவப்பு, தள்ளி நிற்பவர்கள் மஞ்சள், அதற்கும் பின்னால் நீலம். நிர்மல் முகம் நீலத்தில் ஒரு தீற்றலாக இருந்தது.

“எட்டு மீட்டர், ஒரு முழம் முன்ன பின்ன. அதுக்கு மேல துல்லியம் வராது மேடம். லென்ஸ் சின்னது, அதனால ஒவ்வொரு படமும் மங்கல். அதான் என் கைடு கூட, இத இன்னும் மேம்படுத்துன்னு விரட்டறாரு. மேம்படுத்தியும் வெச்சிருக்கேன்.” குரல் கொஞ்சம் உயர்ந்தது. “லென்ஸ் பலகைய அரை லென்ஸ் அகலத்துக்கு நகத்தி நகத்தி, நாலு தடவை எடுப்பேன். முதல் படத்துல விட்டுப்போனது அடுத்ததுல விழும். நாலையும் ஒண்ணா சேத்தா நல்லாத் தெளிவு வரும்.”

“அப்ப பேப்பருக்கு ஏன் மங்கலாக் குடுத்தீங்க?”

“நாலு தடவை எடுக்க எட்டு செகண்ட் ஆவுது. அதுக்குள்ள ஜனங்க நடந்துடறாங்க. அன்னைக்கு எடுத்த நாலையும் சேத்தா எல்லாரும் பேய் மாதிரி இழுபடறாங்க. நகராத பொருளுக்குத்தான் இது சரி.”

“பரவாயில்ல,” என்றார் மேடம். “சேருங்க.”

கணினி இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. நான் அந்த இருபது நிமிடமும் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் மருமகளுக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பார், பந்தியில் நமக்கு இடம் கிடைக்குமா என்றெல்லாம்.

படம் வந்தது. அவன் சொன்னபடியே கூட்டம் முழுவதும் இழுபட்டிருந்தது. குழந்தை வைத்திருந்த பெண்ணுக்கு மூன்று தோள். ஜூஸ் வண்டிக்காரருக்கு ஆறு கை. நகர்ந்த ஒருவர் முகமும் அடையாளம் தெரியவில்லை.

நிர்மல் முகமோ முன்பைவிடத் தெளிவாக இருந்தது. புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. மேல்வரிசைப் பல் ஒன்று லேசாகத் தூக்கல். தாயார் சொன்ன அடையாளங்கள் எல்லாம் இருந்தன. அவனேதான்.

“வந்துட்டான் மேடம்,” என்றேன்.

மேடம் சந்தோஷப்படவில்லை. “எட்டு செகண்ட். பௌர்ணமிக் கூட்டம், பின்னாடி இருந்து ஆயிரம் பேர் தள்ளறாங்க. இவன் மட்டும் இம்மி நகராம நிக்கறான்.”

“மாப்பிள்ள முறுக்கு.”

“சும்மா இரு அறிவு.” கலையரசன் பக்கம் திரும்பினார். “இப்ப துல்லியம் எவ்ளோ?”

“முன்ன ஒரு முழம்னு சொன்னேன்ல? இப்ப ரெண்டு விரல்கடை வித்தியாசம் கூடத் தெரியும்.”

“ஜூஸ் வண்டிக்குப் பக்கத்துல கல்லு மேல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. தூங்கறாரு போல, அவரும் தெளிவா இருக்காரு. அவரோட மூக்குக்கும் காதுக்கும் தூரம் சொல்லுங்க.”

தட்டினான். பெரியவரின் மூக்கு ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், காது வேறொரு நிறம். “மூக்கு நாலு விரல்கடை முன்னால இருக்கு. சரியா வருது பாருங்க.” வருடக்கணக்கில் உழைத்தது பலித்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது.

“இவனுக்கு?”

தட்டினான். மறுபடி தட்டினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

“மூக்கு, காது, மாலை எல்லாம் ஒரே தூரம் மேடம். பக்கத்துல இருக்கற செவுரும் அதே தூரம்தான்.”

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ஆசை. புரிந்துவிட்டது. எங்கேயிருந்து பார்த்தாலும் நம்மையே பார்க்கிற முகம், கூட்டம் இடித்தாலும் நகராத முகம், மூக்கும் காதும் ஒரே மட்டத்தில் இருக்கிற முகம்.

“முன்னால நிக்கறவங்கள படத்துலேருந்து எடுத்துட முடியுமா?” என்று கேட்டார் மேடம்.

“முடியும். ஒரு லென்ஸுக்கு மறையறது இன்னொரு லென்ஸுக்குத் தெரியும். செவுரு இருக்கற தூரத்த மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தக் கலைச்சிடலாம்.”

கலைத்தான். ஜூஸ் வண்டி பனிமாதிரி கரைந்தது. அந்தப் பெண்ணும் குழந்தையும் கரைந்தார்கள். பின்னால் சுவர் எழும்பியது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி. நிர்மல் முகம், அதைச் சுற்றி அச்சில் வரைந்த மாலை, தலைக்கு மேலே கறுப்பில் பெரிய எழுத்தாக இரண்டு சொல்: கண்ணீர் அஞ்சலி.

இந்த ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிரிவலப் பாதை வரை சுவர் கிடைத்த இடமெல்லாம் இந்த மாதிரி ஒட்டியிருப்பார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போகிறேன். மாலை விழுகிற மூன்றாவது சமயம் ஒன்று உண்டு என்பது எனக்கா தெரியாது. அந்த அம்மாளுக்கும் தெரியும். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் நினைக்க விரும்பவில்லை.

கலையரசன் எழுந்து நின்றுவிட்டான். “சாரி மேடம். நான் படத்தத் தெளிவாக்கணும்னுதான்…”

“நீங்க சரியாத்தான் செஞ்சீங்க,” என்றார் மேடம்.

சுவர் எதிர்ச் சாரியில்தான் இருந்தது. ஒரு தங்கும் விடுதியின் மதில். இப்போது அந்த இடத்தில் ஏதோ டியூஷன் சென்டர் விளம்பரம். நான் பாட்டில் தண்ணீரை ஊற்றி, வண்டிச் சாவியால் சுரண்டி, மேல் காகிதத்தை உரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை வாய் பேசாமல் செய்தேன். அடியில் முகம் பாதிதான் மிஞ்சியிருந்தது. கீழே பெயர் கார்த்திக் என்று இருந்தது.

“வேற ஆள் மேடம்,” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அவர் கடைசி வரியைக் காட்டினார். ‘கண்ணீருடன், பேக்கரி நண்பர்கள்.’ தேதி, பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்பு.

பேக்கரி ஆறு கடை தள்ளி இருந்தது. முதலாளி பலராமன், நாற்பத்தைந்து வயது, கையில் மாவு. சுவரொட்டி என்றதும் அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“கார்த்திக்கு ரெண்டு வருஷமா நம்மகிட்டதான் இருந்தான். ரொட்டி போட்டான்னா வெள்ளைக்காரங்க வரிசையில நிப்பாங்க. ஜுரம்னு படுத்தான். நாலாம் நாள் ஜாஸ்தியாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், தங்கல.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க யாரு மேடம், சொந்தமா?”

“ஊர், அப்பா, அம்மா, எதுவும் சொல்லலியா?”

“கேட்டோம் மேடம். படுத்த படுக்கையா இருக்கும்போது கூடக் கேட்டோம். எனக்கு யாரும் இல்லண்ணே, அதையே கேக்காதீங்கன்னுட்டான். ஆதார் கூட இல்ல. காரியமெல்லாம் நாங்களே செஞ்சோம். போஸ்டர் ஒட்டினதே, யாராச்சும் பாத்துட்டுத் தேடி வருவாங்களான்னுதான்.”

நான் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரி முகம் உலகத்தில் ஏழு பேருக்கு இருக்கும் என்கிறார்களே. மேடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

“ராத்திரி சாப்பாடு எத்தன மணிக்குச் சாப்பிடுவாரு?”

பலராமன் நிமிர்ந்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்? பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுவான். லைட்டு போட்டாச்சுன்னா என்னா குடுத்தாலும் தொட மாட்டான். ரெண்டு வருஷத்துல ஒரு நாள் மாத்தல. ஏன்டான்னு கேட்டா, பழக்கம்ண்ணேம்பான்.”

பெயரை விட்டான், ஊரை விட்டான், தாயை விட்டான். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத ஜைன வீட்டுப் பழக்கத்தை மட்டும் விடவில்லை. எனக்கிருந்த கடைசி நம்பிக்கையும் அத்தோடு போயிற்று.

ஆட்டோவில் திரும்பும்போது, “நாளைக்குச் சொல்லலாமா மேடம்?” என்று கேட்டேன்.

“இன்னைக்கே சொல்லணும். ஆனா அந்தம்மா காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. மணி அஞ்சே முக்கால். இருட்டிட்டா அவங்களும் சாப்பிட மாட்டாங்க. சேதி சொல்லிட்டா அப்புறம் எத்தன நாளைக்குச் சாப்பிட மாட்டாங்களோ. அதனால மொதல்ல சாப்பிடட்டும். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத.”

ஜெயந்திமாலா நாங்கள் விட்டுப்போன நாற்காலியிலேயே இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“உக்காருங்கம்மா,” என்றார் மேடம். “சாப்பாடு கட்டிட்டு வந்திருக்கீங்கதானே. பொழுது போவுது. மொதல்ல சாப்பிட்டுடுங்க. அப்புறம் பேசலாம்.”

அவர் மேடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“நல்ல சேதின்னா இந்தத் தம்பி கீழ்ப்படியில இருந்தே கத்திக்கிட்டு வந்திருக்கும்,” என்றார்.

அவர் பையிலிருந்து ரெண்டு டப்பா எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்றைத் திறந்தார். தயிர்சாதம். நிதானமாக, ஒரு பருக்கை சிந்தாமல், முழுவதும் சாப்பிட்டார். ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்ததிலேயே கொடுமையான சாப்பாடு அது. முடித்துக் கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லுங்க. எப்போ?”

“போன மாசம்மா. பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னாடி. ஜுரம்.”

“எங்க?”

“இங்கயேதான். செங்கம் ரோட்ல ஒரு பேக்கரியில வேலை பாத்திருக்காரு.”

“அரை மணி நேர பஸ்ஸு,” என்றார் அவர். பிறகு, “தனியாவா கிடந்தான்?” என்று கேட்டார்.

“இல்லம்மா. கூட வேலை செய்றவங்க கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்திருக்காங்க. எல்லாக் காரியமும் அவங்களே செஞ்சிருக்காங்க.”

தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. அழுதது நான்தான், அதுவும் ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கேட்கும்படி. அந்த அம்மாள் அதைக் கவனிக்கவில்லை.

“என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானாமா?”

மேடம் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் பிசகவில்லை, கண் தாழவில்லை.

“சொல்லிட்டே இருப்பாராம்மா. ஊர்ல எங்கம்மா இருக்காங்க, ஒரு நாள் போவணும்னு.”

ஜெயந்திமாலா அதைக் கேட்டுக்கொண்டார். திறக்காத டப்பாவின் மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்து, பைக்குள் வைத்தார்.

“அம்மா இருக்கான்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா,” என்றார், “எனக்கு ஆள் அனுப்பியிருப்பாங்களேம்மா.”